வெள்ளிக்கிழமை விற்றுத் தீர்ந்த மீன்

இணையத்தளம் செய்ய என்று உலகத்தில் கொட்டிக் கிடக்கிற கருவிகளில் பாதியையாவது நான் தூக்கி எறிந்திருப்பேன். வெள்ளவத்தை அறையில் இருந்துகொண்டு ஒன்றைப் பிடிப்பேன், கொஞ்ச நாள் பாவிப்பேன், எரிச்சலில் அடுத்ததுக்குத் தாவுவேன். நான் பழகி முடிக்கும் முன்பே செய்தவன் அதைக் கைவிட்டிருப்பான்.

கொட்டாஞ்சேனையில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்கிற அக்கா ஒருவர், ஓடர் எடுக்க ஒரு தளம் கேட்டார். முதலில் எடுத்த கருவி அவருடைய வாடிக்கையாளர்களின் பழைய போன்களில் வெறும் வெள்ளைத் திரையாக நின்றது. அடுத்ததில் தமிழ் எழுத்து உடைந்தது. மூன்றாவது, சாப்பாட்டுக் கடைகளுக்கென்றே செய்யப்பட்டது. வேகமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. அதைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்காவிடம் மரக்கறி மட்டும்தான். வியாழனே மீன் சட்டிகளை ஒதுக்கி, அடுப்படியைக் கழுவி விடுவார். அதை நம்பித்தான் கோயிலுக்குப் போகிற சனம் அன்றைக்கு அவரிடம் வாங்குகிறது. ஆகவே வெள்ளியில் மீன் குழம்பு ஓடர் தானாக நிற்கும்படி செய்தேன்.

வெள்ளி காலையிலேயே அழைப்பு.

“தம்பி, என்னடா செய்து வைச்சிருக்கிறாய்? சனம் என்னைக் கிழிக்குது.”

திறந்து பார்த்தேன். மீன் குழம்புப் படம். அதன்மேல் சிவப்பில் ‘விற்றுத் தீர்ந்தது’. ஒரு சாப்பாட்டை நிறுத்த அந்தக் கருவிக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

“கோயிலடி அன்ரி கேக்கிறா, வெள்ளிக்கிழமை மீன் காய்ச்சி, வித்தும் முடிஞ்சுதோ எண்டு. இனி எங்கட சட்டியை ஆர் நம்புவினம்?”

“அக்கா, அது சும்மா காட்டுது.”

“சும்மா காட்டுறதுக்கு நீ எதுக்கு?”

கருவிக்குள்ளே நுழைந்து அந்த வாசகத்தை மாற்றப் பார்த்தேன். பூட்டி வைத்திருந்தார்கள். கருவியைச் செய்தவர்களுக்கு எழுதினேன். கிழமை பார்த்துச் சாப்பாட்டை மறைக்கிற தேவை அபூர்வம், பிறகு யோசிப்போம் என்று பதில் வந்தது. அபூர்வமாம்! கொழும்பில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்று பார்த்தால் தெரியும்.

அன்றைக்கே அதைக் கழற்றி எறிந்தேன். எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் பக்கம் ஒன்றை நானே எழுதினேன். பார்க்க அழகில்லை. ஆனால் வெள்ளியில் மீன் என்ற சொல்லே அதில் வராது.

அடுத்த வெள்ளி ஓடர் எதுவும் வரவில்லை. இருக்க முடியாமல் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்காவின் வாசலில் அந்தக் கோயிலடி அன்ரி நின்றார்.

“மீன் காய்ச்சேல்ல எண்டு சொல்லுறீங்கள்,” என்றார், நம்பாத குரலில்.

அக்கா பருப்புச் சட்டியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். “மணந்து பாருங்கோ.”

அன்ரி உண்மையாகவே குனிந்து மணந்தார். பிறகு கத்தரிக்காய்ச் சட்டியையும் கேட்டு வாங்கி மணந்தார்.

“சரி. ரெண்டு பார்சல் கட்டுங்கோ.”

“இனி போனிலேயே சொல்லலாம் அன்ரி. இந்தத் தம்பி புதுசாச் செய்து தந்திருக்கிறார்.”

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த விசர் பிடிச்ச போன் வேலையை நான் இனித் தொடமாட்டன். கையில தாங்கோ.”

அக்கா என் பக்கம் திரும்பாமலே வாழையிலையை விரித்தார்.