மாதா கூட்டைத் தூக்கியவர்கள்

மடுல்கெல்லப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் மேட்டில் இருக்கிறது. திருநாளன்று மாதா சொரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் வரை இறங்குவார்கள். இறங்கும்போது நெட்டையான ஆட்கள் முன்னால் நிற்க வேண்டும், திரும்பி ஏறும்போது பின்னால். அப்போதுதான் மாதா சாயாமல் வருவாள். பாரமும் அவர்கள் மேல்தான் இறங்கும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்பாவை விட நெட்டையான ஆள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. ஒரு திருநாளில் மேடேறி வரும்போது, கூடு தோளில் இருக்கும்போதே சுருண்டு விழுந்தார். கோயில் வாசலிலேயே உயிர் போய்விட்டது. ஊரே அதைப் பாக்கியம் என்றது. அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் கொழுந்து பறித்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினாள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தவருக்கு என்ன பாக்கியம்? ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க முடியுமா?

நான் அம்மாவைப் போலக் கட்டை. தம்பி அப்பாவை உரித்து வைத்தவன். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கே இருந்தாலும் திருநாளுக்கு வந்து அப்பாவின் இடத்தில் தோள் கொடுப்பான்.

போன வருடம் பார்வை மங்குகிறது என்று கண்ணாடி வாங்கப் போனான். கண் டாக்டர் கண்ணை விட்டுவிட்டு அவன் விரல்களைப் பார்த்தாராம். கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொன்னார். விரல் நுனி மறுபக்கம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. உடனே இருதய கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இருதயம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அம்மா நேர்ச்சை வைத்துவிட்டாள். மகன் சுகமானால் வருகிற திருநாளுக்கு அவனே கூட்டைத் தூக்குவான் என்று.

கண்டியில் ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா சிங்களத்தில் விளக்கினார். அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு. உடம்பைக் கட்டி நிறுத்துகிற இழையம் தம்பிக்குப் பிறவியிலேயே பலவீனம். அதனால்தான் அந்த உயரம், அந்த விரல்கள், அந்தக் கண். இருதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய குழாய் நைந்துபோன ரப்பர் மாதிரி வீங்கியிருக்கிறது. மாத்திரை போட வேண்டும், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும், வீக்கம் கூடினால் ஆபரேஷன் செய்து செயற்கைக் குழாய் வைக்க வேண்டும். பாரம் தூக்கவே கூடாது, தூக்கினால் கிழிந்துவிடலாம்.

"தகப்பனார் எப்படி இறந்தார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாதாவத் தூக்கும்போது மாதாவே கூப்பிட்டுக்கிட்டாள்னு சொல்லு புள்ள" என்றாள் அம்மா.

பாரம் தூக்கும்போது திடீரென்று விழுந்தார் என்று சிங்களத்தில் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது பரம்பரையாக வருகிறது, அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். எனக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை வருடம் கட்டிக் காத்ததை என் நாக்கால் உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தேன்.

என் வீட்டுக்கு வந்தோம். தேத்தண்ணியைக் கொடுத்தேன், அம்மா தொடவில்லை. தம்பிக்கு மனசு கேட்கவில்லை.

"நேர்ச்சைய வச்சிட்டீங்கம்மா. இந்த ஒரு வருசம் மட்டும் தூக்கிட்டு விட்டுடுறேன். ஒண்ணும் ஆவாது."

"தூக்காத" என்றாள் அம்மா.

"மாதாவுக்குச் சொன்னது..."

"தூக்காதன்னு சொல்றேன்ல! அன்னைக்கி விடியக்காலையில உங்கப்பா, முதுகக் கிழிக்கிற மாதிரி வலிக்குது, இன்னைக்கி வேற யாராச்சும் தூக்கட்டும்னாரு. நான்தான், மாதா காரியத்துக்குச் சாக்குச் சொல்லாதீங்கன்னு சட்டையப் போட்டு அனுப்புனேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதையும் மீறிச் சத்தம் வந்தது. அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட, மாதா கூப்பிட்டுக்கொண்டவருக்காக அழக் கூடாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அவருக்காக அழுததை அன்றுதான் பார்த்தேன்.