பூசணிக்கொடியும் பாலத்துக் கட்டைகளும்

இங்கே கனடாவில், பேத்தியைப் பெண் கேட்டு பிறம்ரனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் அஜக்ஸ் வீட்டுக்கு வந்த அன்று, எனக்கு ஒரேயொரு வேலைதான் தரப்பட்டிருந்தது: வாயை மூடிக்கொண்டு இருப்பது.

"அம்மம்மா, ப்ளீஸ். அவரின்ர அப்பா சரியான ஸ்ரிக்ற். இண்டைக்குப் பகிடி ஒண்டும் வேண்டாம்" என்று பேத்தி சத்தியமே வாங்கிவிட்டாள். இந்தப் பெடியன் இல்லையென்றால் தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று நிற்பவள் அவள்.

மாப்பிள்ளையின் தகப்பன் தமிழ்நாட்டுக்காரர். இந்திய ராணுவத்தில் எஞ்சினியராக இருந்தவர். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அமைதிப்படையில வந்தப்ப, அங்க குண்டுல உடைஞ்ச ரயில் பாலத்தை நாங்கதாம்மா திரும்ப நிறுத்தினோம். தண்டவாளத்துக்கு அடியில போடற சிலிப்பர் கட்டைய குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, அது மேல பாலத்தைத் தாங்க வைக்கணும். ரயில் விட ரெண்டு நாள் இருக்கறப்ப எண்ணிப் பாத்தா, பதினாலு கட்டையக் காணோம். காவலுக்கு நின்னது என் சிநேகிதன். அவன்தான் வித்துட்டான்னு நெனச்சு, இன்னிக்கு வரைக்கும் அவனோட பேச்சு இல்ல."

கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். மிச்சக் கட்டைகள் என்று நினைத்து, அவர்கள் எண்ணுவதற்கு ஒரு மாதம் முன்பே நாங்கள்தான் தூக்கினோம். ஷெல்லுக்கு அதைவிட உறுதியான கூரை கிடைக்குமா? நாங்கள் ஒளியும் பங்கர்க் குழிக்கு மேலே அடுக்கி, மண் போட்டு, அதில் நானே பூசணியும் நட்டேன்.

"தேடிப் போனப்ப ஒரு அம்மா மட்டும் மரியாதையா டீ குடுத்தாங்க" என்றார்.

பேத்தி என்னை முறைத்தாள். சத்தியம் ஒரு பக்கம். காவல் நின்ற பாவி மனுசன் மறுபக்கம்.

"எங்கை இருந்து குடிச்சனீங்கள், தம்பி?"

"ஒரு மண்மேட்டு மேல. பூசணிக்கொடி படர்ந்திருந்துச்சு."

"கொடியை ஒருக்கா விலக்கிப் பாத்திருக்கலாமே."

பேத்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பதினாலுமா?" என்றார் மெதுவாக.

"பன்னிரண்டு. ரண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டு போனவர்."

அவர் எழுந்தார். போகப்போகிறார், என் வாயால் பேத்தியின் வாழ்க்கையும் போச்சு என்று நினைத்தேன். அவரோ தான் இருந்த சோபாவுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு போனை எடுத்து, யார் யாரிடமோ கேட்டு, அந்தச் சிநேகிதரின் நம்பரை வாங்கினார்.

சிநேகிதர் கலியாணத்துக்கு வந்தார். இரண்டு பேரும் மணவறைக் கால்களை ஆட்டிப் பார்த்து, எண்ணி முடித்த பிறகே மாப்பிள்ளையை இருத்தினார்கள்.