பேர்ஹாமில் பனி விழும் தேதி

இங்கிலாந்தின் தென்கரையில், உப்புக் காற்று வாசல்வரை வந்துபோகும் பேர்ஹாம் ஊரில் குடியிருந்துகொண்டு வெண்பனிக்கு ஆசைப்படுகிறவரை என்னவென்று சொல்வது? வடக்கே ஆடுகள் புதையும் அளவுக்குக் கொட்டும். ஐம்பது மைல் தள்ளி மேட்டு ஊர்களில் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பேர்ஹாமில் தூறல் போடும். தூறல் நின்றால் மூட்டமாக இருக்கும். மூட்டம் விலகினால் மறுபடி தூறும். லையனல் பார்ஜிட்டர் அந்த ஊரிலேயே பிறந்து, அந்தத் தூறலிலேயே முப்பத்து நான்கு வருஷம் தபால் பை சுமந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் விடாததற்குப் பெயர்தானே பைத்தியம்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அதில் இரண்டு கட்சிகள். இந்த வருஷம் பனி வரும் என்பது குளிர்க் கட்சி. வராது, சும்மா இரு என்பது வெதுவெதுப்புக் கட்சி. கணினி போடும் வானிலைப் படங்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியாகும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கட்சியும் அதைக் கிழிகிழியென்று கிழிக்கும். காலைப் படத்தில் குளிரைக் காட்டும் நீலம் தெரிந்தால் குளிர்க் கட்சிக்குத் திருவிழா. மாலைப் படத்தில் நீலம் காணாமல் போனால் அந்த வீடுகளில் சாப்பாடு இறங்காது.

நவம்பர் கடைசி ஞாயிறு மன்றத்துக்குப் பெரிய நாள். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆளாளுக்குக் குளிர்காலம் முழுவதற்குமான கணிப்பை எழுதி, கீழே ஒரு தேதி போடவேண்டும்: தன் வீட்டுப் புல்தரையில் முதல் பனி படியும் தேதி. பன்னிரண்டு அடித்ததும் பூட்டிவிடுவார்கள். பிறகு தலைகீழாக நின்றாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. சரியாகச் சொன்னவருக்குப் பரிசென்று எதுவும் கிடையாது, பெயர்தான். லையனல் இருபத்திரண்டு வருஷம் தேதி போட்டிருக்கிறார். இருபத்திரண்டும் தப்பு.

"இந்த வீட்டுக்கு வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வராத ஒரே விருந்தாளி உன் பனிதான்" என்பாள் அவர் மனைவி பெரில். "அது எங்க வந்து எங்க உக்காரப் போகுது, துணி காயப்போடக்கூட இடமில்ல."

அந்த நவம்பரில் பெரில் அப்படிக் கேலி பேசுவது குறைந்துபோயிருந்தது. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. கணுக்கால் வீங்கியது. இதயம் தளர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். எவ்வளவு நாள் என்று லையனல் தனியாகக் கேட்டபோது, "வசந்தம் வரைக்கும் ஓட்டிடலாம்னு நினைக்கிறேன், அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றார். லையனல் மார்ச் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். பத்து நாளைக்கு மேற்பட்ட எந்தக் கணிப்பையும் நம்பாதே என்று மன்றத்தில் புதிதாய்ச் சேர்பவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனிதர் அவர். இதை மட்டும் கேள்வியே கேட்காமல் நம்பினார்.

மகள் ரோவீனா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால் வந்து சேர்வதாக டிக்கெட் எடுத்திருந்தாள், மகள் ஐவியோடு. ஐவிக்கு ஆறு வயது. பாட்டியை ஃபோன் திரையில்தான் தெரியும். பனியை அப்படிக்கூடத் தெரியாது. ஒவ்வொரு பேச்சிலும், "தாத்தா, நான் வர்றப்போ பனி இருக்குமா?" என்று கேட்பாள்.

அந்தக் கேள்விதான் லையனலைக் கெடுத்தது.

டிசம்பரில் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பனிக்கு வழியில்லை. ஆனால் துருவத்துக்கு மேலே, உயரத்தில், குளிரையெல்லாம் வளைத்துக் கட்டி வைத்திருக்கும் ஒரு காற்றுச் சுழல் இருக்கிறது. அது ஜனவரி முதல் வாரம் உடையும், உடைந்தால் இரண்டு மூன்று வாரத்தில் குளிர் தெற்கே கொட்டும் என்று அவருக்குத் தோன்றியது. பழைய வருஷப் படங்களை மேஜைமேல் பரப்பி மூன்று நாள் ஒப்பிட்டார். ஞாயிறு காலை பதினொன்றரைக்கு மன்றத்தில் எழுதினார்: ஜனவரி 24.

புதன்கிழமை பிற்பகல் வழக்கம்போல் பப்பில் டெரன்ஸைச் சந்தித்தார். டெரன்ஸ் மீன் கடை வைத்திருந்து மூடியவர், வெதுவெதுப்புக் கட்சியின் தூண். வருஷா வருஷம் ஒரே வரிதான் எழுதுவார்: 'ஈரச் சாக்கு மாதிரி இருக்கும்.' வருஷா வருஷம் அது பலிக்கும்.

"இருபத்தி நாலா? தேதியோட நிறுத்திட்டியே, மணி சொல்லலியா?"

"சிரி சிரி. சுழல் உடையுதா இல்லையா பாரு."

"உடைஞ்சாலும் குளிர் ரஷ்யாவுக்குப் போகும், இல்ல அமெரிக்காவுக்குப் போகும். உன் வீட்டு அட்ரஸைத் தேடிக்கிட்டா வரும்? நீ தபால்காரன், அது இல்லய்யா."

லையனல் கிளாஸைக் கீழே வைத்தார். "ரோவீனாகிட்டச் சொல்லி டிக்கெட்ட மாத்தச் சொல்லப் போறேன். ஜனவரி இருபத்தொண்ணாம் தேதி வந்து இறங்கட்டும். அங்க ஸ்கூல் லீவு அந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. பெரில், ஐவி, பனி, மூணும் ஒரே தோட்டத்துல. ஒரு ஃபோட்டோ. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

டெரன்ஸ் சிரிக்கவில்லை. "லையனல், சார்ட்டுல வெளையாடு. வேணாம்னு சொல்லல. ஆனா இதுல வெளையாடாதய்யா. பொண்ணு கிறிஸ்துமஸுக்கு வர்றான்னா வரட்டும். மழையிலயும் பேத்தி பேத்திதான்."

"மார்ச் வரைக்கும் டைம் இருக்கு. டாக்டரே சொல்லியிருக்காரு."

"அவரு சார்ட்ட நீ பாத்தியா?"

லையனல் கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்தார். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டுக்குப் போய், தோட்டத்துக் கொட்டகையில் நின்றுகொண்டு, பெர்த்துக்கு ஃபோன் போட்டார். ரோவீனா முதலில் தயங்கினாள்.

"அம்மா எப்படியிருக்கா? ஒரு மாசம் தள்ளிப்போட்டா பரவாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. வசந்தம் வரைக்கும் கவலையே இல்லன்னுட்டாரு டாக்டர்."

"ஜனவரியில பனி வரும்னு நிச்சயமா தெரியுமாப்பா?"

இந்த இடத்தில் லையனல் ஒரு பொய் சொன்னார். "நான் சொல்லலம்மா. பெரிய பெரிய வானிலைக்காரங்களே சொல்றாங்க. டிவியிலயே சொல்லிட்டாங்க" என்றார். எந்த டிவியும் சொல்லவில்லை. பொய் என்று அப்போது அவருக்கு உறுத்தவும் இல்லை, ஏனென்றால் பனி வரத்தான் போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

பெரிலிடம் பிறகுதான் சொன்னார். அவள் ஜன்னலோர நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"உனக்கும் சந்தோஷமா இருக்கும்னுதான்..."

"எனக்குக் குழந்தையப் பாக்கணும். குழந்தை மேல பனி விழுதா மழை விழுதான்னு நான் எதுக்குப் பாக்கப் போறேன்?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி விடு. டிக்கெட்ட மாத்தியாச்சு இல்ல."

லையனல் டீ போட எழுந்து போனார். அன்றைக்கே திரும்ப ஃபோன் போட்டு, வேண்டாம், பழைய தேதிக்கே வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத் தோல்வி ஒரு மனிதனுக்குள் எப்படி வீம்பாக உறைந்துபோகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கிறிஸ்துமஸ் அன்று பதிமூன்று டிகிரி. மழை. வான்கோழியை இரண்டு பேருக்காக யார் சுடுவது என்று ஒரு கோழியைச் சுட்டார்கள். பெரில் இரண்டு வாய் சாப்பிட்டாள். ஃபோன் திரையில் ஐவி நீச்சல் உடையோடு கையாட்டினாள். பெரில் ஃபோனை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பேச்சு முடிந்தபிறகும் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மன்றத்தில் குளிர்க் கட்சி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது. 'இந்த வருஷமும் நாமம்தான்' என்று ஆளுக்கு ஆள் புலம்பல். ஜனவரி நாலாம் தேதி மேலே சுழல் உடைந்தது. லையனல் சொன்ன வாரத்திலேயே! மன்றம் கொதித்தது. லையனல் அறுபத்தெட்டு வயதை மறந்து மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறிப் போனார்.

"பெரில்! உடைஞ்சிடுச்சு! நான் சொன்னேன் இல்ல!"

அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "இன்னும் எத்தனை நாளு?" என்றாள்.

"பனிக்கா? இருபது நாள்."

"ஐவிக்கு."

"பதினேழு."

"ம்" என்றாள் பெரில். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழாம் தேதி ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ரோவீனாவுக்கு ஃபோன் போனது. கிடைத்த முதல் விமானத்தைப் பிடிக்க அவள் ஓடினாள். பள்ளி விடுமுறை நெரிசலில் இரண்டு நாள் இடம் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் பெரிலுக்கு நினைவு கலங்கியது. கோட்டைக் கழற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த லையனலின் கையைப் பிடித்தாள்.

"ரோவீனா எங்க?"

"கீழ டீ வாங்கப் போயிருக்கா."

"குழந்தை?"

"தூங்கிடுச்சு. எழுப்ப வேணாம்னு விட்டுட்டோம்."

"ஆமா, எழுப்பாத" என்றாள். நிம்மதியாகச் சிரித்தாள். மகளும் பேத்தியும் வந்துவிட்டார்கள் என்று நம்பித்தான் அவள் போனாள். லையனல் சொன்ன பொய்களில் அது ஒன்றைத்தான் மன்னிக்கலாம். ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. வெளியே பதினொரு டிகிரி, தூறல்.

ரோவீனாவும் ஐவியும் பதினொன்றாம் தேதி வந்து சேர்ந்தார்கள். இந்த நாட்டில் செத்தவுடன் தகனம் கிடையாது. தகனக்கூடத்தில் வரிசை. இவர்களுக்கு இருபத்து மூன்றாம் தேதிதான் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் ரோவீனா அம்மாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "டாக்டரே தப்பா சொல்லிட்டாரு, வானிலைக்காரங்களும் அப்படித்தான், நீ என்ன பண்ணுவ" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். டிவி விஷயம் பொய் என்று சொல்லிவிடலாம் என லையனல் தினமும் வாயெடுப்பார். அதற்குள் அவள் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, "இது யாருக்குக் கொடுக்கலாம்ப்பா?" என்று கேட்பாள். அவர் மன்றத்தின் பக்கமே போகவில்லை. கணினியைத் திறக்கவே இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி கிழக்குக் காற்று அடித்தது. தகனக்கூடத்து வாசலில் நின்றவர்களெல்லாம் காலர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஐவியின் கூச்சலில் வீடு விழித்தது. பேர்ஹாம் முழுக்க வெள்ளை. வேலி வெள்ளை, குப்பைத் தொட்டி வெள்ளை, பெரில் துணி காயப்போடும் கம்பிமேல் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை. குழந்தை பைஜாமாவோடு தோட்டத்துக்கு ஓடியது. ரோவீனா பின்னாலேயே பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், பல நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே. லையனல் சமையலறையில் கெட்டிலைப் பிடித்தபடி நின்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழும் என்பார்களே, இருபத்திரண்டு வருஷம் கழித்து விழுந்தது. விழுந்த இடத்தில் பார்க்க ஆளில்லை.

வாசல் மணி அடித்தது. டெரன்ஸ். கையில் ஒரு மண்வாரி. "பாதைய ஒதுக்கி விடலாம்னு வந்தேன், நீ வழுக்கி விழுந்துடாத" என்றார். நேற்று துக்கத்துக்கு வந்தபோது கட்டியிருந்த கறுப்பு டையைக் கழற்ற மறந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர் அவர். நண்பனுக்குக் கொடுக்கத் தன்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தியைக் கொடுத்தார்.

"மன்றமே உன் பேரைத்தான் சொல்லுதுய்யா. ஜனவரி இருபத்தி நாலு. நவம்பர்லயே! நாட்டுல ஒரு வானிலைக்காரன் சொல்லல, டிவிக்காரன் சொல்லல. நீ ஒருத்தன்தான் சொன்ன. இத்தன வருஷமா உன்னைக் கிண்டல் பண்ணின நானே ஒத்துக்கறேன், நீ ஜெயிச்சிட்ட."

லையனல் கையை உயர்த்தினார், நிறுத்து என்று. நேரம் கடந்துவிட்டது. ஐவியின் ஈரக் கையுறைகளோடு ரோவீனா பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ஜெயிச்சாரு?" என்றாள்.

டெரன்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது ஒண்ணுமில்லம்மா. நாங்க வருஷா வருஷம் தேதி போடுவோம். ஒரு பந்தயம் மாதிரி..." அதற்குமேல் அவருக்கே புரிந்துவிட்டது. மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிப் போனார்.

ரோவீனா கையுறைகளை மேஜைமேல் வைத்தாள். அவற்றிலிருந்து நீர் வடிந்தது.

"டிவியில சொன்னாங்கன்னியேப்பா."

"இல்லம்மா."

"பெரிய வானிலைக்காரங்கன்னு சொன்ன."

"நான்தான்."

அவள் அவரையே பார்த்தாள். முப்பத்து நான்கு வருஷம் எத்தனையோ வாசல்களில் தந்தி கொடுத்திருக்கிறார், சாவுக் கடிதம் கொடுத்திருக்கிறார். வாங்கிப் படிக்கிறவர்களின் முகத்தை நின்று பார்த்ததில்லை. கொடுத்ததும் திரும்பி நடந்துவிடுவார். இன்று நடக்க இடமில்லை.

"இருபது நாள் அவகூட இருந்திருப்பேன்" என்றாள் ரோவீனா. "மழையில."

தோட்டத்திலிருந்து ஐவி கூப்பிட்டாள். மணி பத்துகூட ஆகவில்லை. காற்று அதற்குள் மாறி, தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசியது. வேலியில் பனி உருகிச் சொட்டத் தொடங்கிவிட்டது.

"தாத்தா, சீக்கிரம் வா! போகுது!"