ஒன்பதாவது கேள்வி

பட்டியல் அண்ணன் என்றால்தான் அந்தச் சுகாதார அலுவலகத்தில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்குகிறது. மனநலமும் பொதுச் சுகாதாரமும் பற்றி வருடந்தோறும் நடக்கும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் அவர் போடுவது. யார் எத்தனை நிமிடம் பேசலாம், எப்போது தேநீர், எல்லாவற்றுக்கும் அவர் கிழித்ததுதான் கோடு. எவ்வளவு பெரிய மனிதரானாலும் நேரம் முடிந்தால் மணி அடித்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். "உங்க அப்பாகிட்ட கோவிச்சுக்கணும்னாகூட முன்னாடியே நேரம் வாங்கி வைக்கணும்" என்று பிள்ளைகளிடம் அலுத்துக்கொள்வாள் மனைவி.

மூன்று வருடமாக மாநாட்டின் முதல் அமர்வில் பெயர் எழுதாத மனநலக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதை முன்கூட்டியே மாநாட்டுக் குழுவிலுள்ள ஐந்து பேருக்குக் கொடுத்து, நிரப்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார் அண்ணன். பதில்களைப் படிப்பதில்லை. அவருக்கு வேண்டியது நிமிடம்தான். தாள் நேராகக் குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

இந்த முறை ஆறு நிமிட வேலை மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாதியை நிரப்பாமல் விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகத்தில் தாள்களைப் புரட்டினார். மூன்றாவது தாளில் கை நின்றுவிட்டது.

ஒன்பதாவது கேள்வி: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? ‘அநேகமாகத் தினமும்’ என்ற கட்டத்தில் டிக்.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே அந்த ஐந்து பேரும், மதிய இடைவேளையைக் கால்மணி நேரம் கூட்டச் சொல்லி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவரா?

"இது யாரோடது?" தாளைத் தூக்கிக் காட்டினார்.

"சோதனைக்குத்தானே அண்ணே! யாரோ கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டிருப்பாங்க" என்றாள் புள்ளிவிவரம் பார்க்கும் பெண்.

"செத்தா அண்ணனோட மணிச் சத்தம் கேட்க வேணாமேன்னு யாரோ நினைச்சிருக்காங்க" என்றார் மனநல டாக்டர். ‘மனம்விட்டுப் பேசுவோம்’ என்ற அமர்வு அவருடையது. அவர் இருக்குமிடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விளையாட்டுன்னா நல்லது. இல்லைன்னா? மாநாடு நடந்தா நடக்குது, நடக்காட்டி போகுது. எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம். இன்னிக்கு முழுக்க நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

நிகழ்ச்சி நிரலே உயிர் என்று இருந்த மனிதர் வாயிலிருந்து இப்படியொரு பேச்சா? சிரிப்பு அடங்கிவிட்டது. நால்வர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். டாக்டர் மட்டும் எழவில்லை.

அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "டாக்டர்... நீங்களா?"

"போன வருஷமும் அதே கட்டத்துலதான் போட்டேன் அண்ணே. அதுக்கு முந்தின வருஷமும். வாய்விட்டுச் சொல்லத்தான் வரலை, யாராச்சும் படிச்சிட்டுக் கேட்பாங்கன்னு பார்த்தேன்." டாக்டர் மேசையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னிக்காச்சும் கேட்டீங்களே."