கணக்கை விடப் பழகிய வருடம்

பக்கத்து வீட்டுப் பூங்கனியின் மகள் நந்தனா பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு. திற்பரப்புக்குப் பக்கத்தில் எங்கள் முக்கில் அவள் படத்தை ஃபிளெக்ஸ் அடித்து வைத்தார்கள். அதே வருடம் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் அந்தக் கணக்குதான் அவளைக் கவிழ்த்தது.

விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்று சின்ன வகுப்பிலிருந்தே ஓதி ஓதி வளர்த்த பிள்ளை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரும் திருத்தப் போகாத வெற்றுத் தாளில் 'கொடுக்கப்பட்டது' என்று தலைப்பிட்டு, அழகாக ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதியிருக்கிறாள். போட்டதெல்லாம் சரி. பாதிக் கணக்கைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை.

"ஒரு வருசம் வீட்டில இருந்து படி மக்கா. கிட்டலேன்னா நர்சிங். அதுக்கு மேல என்னால ஏலாது" என்றாள் பூங்கனி. அவள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டையின் தோட்டை, ஓட்டை உடைப்பவள். கணவர் இறந்த பிறகு அவள் கூலியில்தான் வீடு ஓடியது. நந்தனாவுக்கோ கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசில்லை.

நாகர்கோவில் கோச்சிங் சென்டரில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம். நீளும் என்று தோன்றினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. சொல்வது எளிது. பாதியில் விட்ட கணக்கு அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள். கை தானாக அதற்கே திரும்பிவிடும். அதனால் அம்மாவைக் காவலுக்கு வைத்தாள்.

சாயங்காலம் பூங்கனி வேலை முடிந்து வந்து, தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களில் போனைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்காருவாள். இரண்டு நிமிடம் ஆனதும், "விடு மக்கா" என்பாள். மகள் விடமாட்டாள். "விடுட்டீ" என்று அம்மா தாளைப் பிடுங்குவாள். சில நாள் பூங்கனி உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். அன்றைக்கெல்லாம் மகள் ஒரே கணக்கில் கிடப்பாள். விழித்ததும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவியில் குளிக்க ஊருக்குள் வண்டி வண்டியாக ஆள் வந்து இறங்கும்போது, மாதிரித் தேர்வு எழுத நந்தனா நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுவாள். அந்த வருடம் முழுக்க அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை.

இரண்டாவது முறை எழுதிவிட்டு வந்தவள் நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். ரிசல்ட் வந்தது. அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க் இருந்தது. பூங்கனி மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் போட்டியா மக்கா?"

"இல்லம்மா. பத்து விட்டேன்."

"தெரியாததத்தான விட்ட?"

"ஆறு தெரியும். நீளமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

பூங்கனியின் முகம் மாறிவிட்டது. மகளுக்கு வராத கணக்கைத்தான் விடச் சொல்கிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"தெரிஞ்சதயா நான் ஒனக்க கையில இருந்து புடுங்கினேன்?"

"நீ புடுங்கினதாலதாம்மா கிட்டிச்சு" என்றாள் நந்தனா.

அது பூங்கனிக்கு ஆறுதலாக இல்லை. நல்ல சேதி வந்த வீட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள்.