ஒருவரை மட்டும் கேட்ட டீச்சர்

நான்கு வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. வீடு மீஞ்சூரில். காலையில் பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். என் மாணவர்களில் பாதிப் பேர் ஏரிக்குள் இருக்கும் மீனவக் கிராமங்களிலிருந்து படகில் வருவார்கள். காற்று பலமாக அடித்தால் அவர்கள் லேட், ரயில் நின்றுவிட்டால் நான் லேட். அதனால் தாமதத்தைப் பற்றி நாங்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வதில்லை.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பார்கள். கேள்வி பதிலை ஒரு புள்ளி பிசகாமல் மனப்பாடமாக எழுதுவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் நான் என்ன பேசினாலும் அவர்களிடமிருந்து வருவது ஒரே பதில்தான், "எஸ் மிஸ்." நோட்டு எங்கே என்றாலும் எஸ் மிஸ். ஒருமுறை, ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்று ஆங்கிலத்தில் அதட்டினேன். மொத்த வகுப்பும் ஒரே குரலில் "எஸ் மிஸ்" என்றது. கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானே சிரித்துவிட்டேன்.

அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். தினமும் பத்து நிமிடம் நான் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்வேன். யார், எங்கே, என்ன என்று மூன்றை மட்டும் அவர்கள் காதில் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். புரியாவிட்டால் கையைத் தூக்கி, மறுபடி சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் இதுதான் கஷ்டமாக இருந்தது. டீச்சரை மறுபடி சொல்லச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். அந்தக் கூச்சம் போவதற்குள் அரையாண்டுத் தேர்வே வந்துவிட்டது.

அடுத்து ஒரு சின்ன ஆராய்ச்சி வேலை கொடுத்தேன். உங்கள் ஊரைப் பற்றி ஏதாவது கண்டுபிடித்து ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள் என்றேன். மறுநாள் ஒருவன் பிரின்ட் எடுத்து வந்த தாள்களில் ஏரியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பல் பவுடர் விளம்பரமும் இருந்தது. அதையும் சேர்த்தே நூல் கட்டிக் கொடுத்திருந்தான்.

"போன்ல கிடைக்காத விஷயம் வேணும்" என்று சொல்லி, ஒரு விதியும் போட்டேன். எதையும் மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும். யார் சொன்னார்கள் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரே ஒருவர் சொன்னது என்றால், 'நாட் செக்ட்', அதாவது சரிபார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும். இந்த விதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்கக் கூடாது என்று கட்டம் வேறு கட்டியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. பூநாரை பார்க்க வருகிறவர்களுக்காக ஏரியில் மோட்டார் படகு விடப் போகிறார்கள், அதற்குப் பாதை வரைய வேண்டும். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் கேட்டபோது தலைமை ஆசிரியர் என்னைக் கை காட்டினார். வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டேன். நிஜ ஆங்கிலம் கேட்கட்டும், குறிப்பெடுக்கட்டும் என்று எண்ணம். டீச்சர் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்கட்டும் என்பதும் உள்ளுக்குள் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

படகில் ஏரியைச் சுற்றினோம். ஓரிடத்தில் மட்டும் வலையே இல்லை, தண்ணீர் வெறுமனே கிடந்தது. கரைக்கு வந்ததும் குழுவின் தலைவியான அம்மா, அங்கே மீன் பிடிக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"நாங்க அங்க போடறது இல்ல மேடம்" என்றார் அவர்.

நான் திரும்பி, அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லையாம் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டினார். படகுப் பாதை அதன் வழியாகப் போகலாம் என்று அர்த்தம். ஊர்க்கூடத்தில் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு முடிவு செய்துவிடுவார்கள். எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வகுப்பில் நான்கு பேரின் குறிப்புகளையும் வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு பெண், தீவுக் கிராமத்திலிருந்து வருகிறவள், அதிகம் பேசாதவள். அவள் நோட்டில் இப்படி இருந்தது: அந்த மனிதர் சொன்னது, 'நாங்கள் போடுவதில்லை.' மிஸ் சொன்னது, 'யாரும் போடுவதில்லை.' அதற்குக் கீழே, கட்டம் கட்டி, 'ஒன்லி ஒன் பர்சன். நாட் செக்ட்.'

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க அவங்ககூட பேசினு இருந்தீங்க மிஸ்" என்றாள் மெதுவாக. "அதான் ஊட்டுக்குப் போயி ரெண்டு பேர் கிட்ட கேட்டேன். நைனா கிட்டயும், இறால் பிரிக்கற அத்தை கிட்டயும்."

பக்கத்தைத் திருப்பினாள். அவள் ஊரில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்களாம். அதற்குப் பாடு என்று பெயர். அந்த வாரம் அந்த இடத்து முறை ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் வீட்டில் ஒரு சாவு, அதனால் தண்ணீரில் இறங்கவில்லை. முறை உள்ளவர் போகாவிட்டால் அந்த இடம் சும்மாதான் கிடக்கும், வேறு யாரும் தொட மாட்டார்கள். நான் கேட்ட மனிதருக்கு இந்த வருடம் அங்கே முறை கிடையாது. இறால் நன்றாக விழுகிற இடம் அது.

அதன் நடுவே மோட்டார் படகு ஓடினால் வலை கிழியும். அதை நம்பியிருக்கும் அத்தனை வீட்டுப் பிழைப்பும் போகும். பச்சை வண்ணம் பூசியது அந்த அம்மாவின் கை என்றாலும் பூச வைத்தது என் வாய்தான். மூன்று பேரைக் கேள் என்று வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியவள், ஒரே ஒரு ஆளைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது என்பதையும் மறைக்கவில்லை. ஊரே பாராட்டிய மறுநாள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எப்படிப் போய் நிற்பது? ஆனால் அந்தப் பெண் நோட்டைத் திரும்ப வாங்காமல் என் மேசை அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். தலைமை ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போகச் சொன்னார்.

ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. நான் எழுந்து, அன்று சொன்னது என் தவறு, ஒருவரை மட்டும் கேட்டு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன். அன்று வலை சரிசெய்தவரும் அங்கே இருந்தார்.

"நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன் மேடம். அடுத்தவங்க முறையப் பத்தி நான் எப்டி பேசறது?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. தன்னுடையது அல்லாத இடத்தைப் பற்றி வாய் திறக்காதது அங்கே மரியாதை. அதைத் தெரிந்துகொள்ளாதது என் பிழை.

விவரத்தை நான்தான் விளக்குவதாக இருந்தேன். ஆனால் குழுத் தலைவி, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டுவிட்டு நேராக அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேள்வியை வீசினார். வேகமான ஆங்கிலம், எனக்கே பாதிதான் பிடிபட்டது. போச்சு, இப்போது இவள் எஸ் மேடம் என்று தலையாட்டப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் தலையாட்டவில்லை. கையைத் தூக்கினாள். "ப்ளீஸ் சே இட் அகெய்ன், மேடம்" என்றாள். அந்த அம்மா மறுபடி சொன்னார். அவள் மறுபடியும் கையைத் தூக்கி, "ஸ்லோலி, மேடம்" என்றாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை கேள்வி புரிந்தது. ஒரு குடும்பம் போகாதபோது அந்த இடம் காலிதானே, வேறு யாராவது பயன்படுத்தினால் என்ன என்பதுதான் கேள்வி. காலியாக இருந்தாலும் அது அவர்களுடைய முறை, மேடம் என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொன்னாள். இலக்கணம் இரண்டு இடத்தில் தடுக்கியது. அதனால் ஒன்றும் குறையவில்லை.

பிறகு அந்த அம்மா ஊர்ப் பெரியவர்களையும் சாவு நடந்த வீட்டுப் பெண்ணையும் விசாரித்தார், இவளையே நடுவில் நிறுத்திக்கொண்டு. ஒவ்வொருவர் சொல்வதையும் இவள் முழுக்கக் கேட்டு, சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, அதன் பிறகே ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு வராத நாலைந்து சொற்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் பச்சை வண்ணத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, பாதையைத் தள்ளி வரைந்தார்கள்.

கூட்டம் கலையும்போது அவள் அப்பா என்னிடம் வந்தார். பின்வரிசையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், அவள் பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

"இன்னா பேசிச்சு மிஸ் எம் பொண்ணு? கரெக்டா சொல்லிச்சா?"

"என்னவிட கரெக்டா சொன்னா" என்றேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

அவள் இப்போது பொன்னேரிக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள் வந்து போய்விட்டன, தேர்ச்சி விழுக்காடு ஏறியும் இறங்கியும் இருக்கிறது. ஆனால் நான் நல்ல டீச்சர்தானா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் நாட்களில், என் தவறை என் விதியாலேயே பிடித்த அந்தப் பெண்ணின் நோட்டுப் பக்கத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஆமாம் என்று தைரியமாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.