தனபாலன் கழற்றிய பட்டை

தனபாலனை நாய் டாக்டர் என்று கூப்பிட்டவர்கள் ஒருத்தர்கூட அவனை வாசல் வழியாக உள்ளே விட்டதில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வரவேண்டும், நாயைப் பார்க்கவேண்டும், குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்த வழியே போகவேண்டும். கோபாலபுரத்துப் பங்களாவானாலும் சரி, மயிலாப்பூர் ஓட்டு வீடானாலும் சரி, இந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம். நாய் கூடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கும். அதற்கு மருந்து போடுகிறவன் கொல்லையில் நிற்பான். நல்ல நியாயம்!

பிழைப்பு அவனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு லேத் பட்டறையில். வீடு தேனாம்பேட்டையில். இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற சோப்பு எண்ணெயில் ஊறி ஊறி, கல்யாணமான வருஷமே இரண்டு கையும் வெடித்துச் சிரங்காகிவிட்டது. ஆஸ்பத்திரிக் களிம்பு எதுவும் கேட்கவில்லை. குப்பைமேனி இலையைக் கல் உப்போடு அரைத்துப் பூசி, ராத்திரியில் வேப்பெண்ணெய் தடவி, ஆறு மாசத்தில் அவனே ஆற்றிக்கொண்டான். பட்டறை வாசலில் ஒரு சொறிநாய் கிடந்தது. நம்ம கைக்குக் கேட்டது இதன் முதுகுக்குக் கேட்காதா என்று அதற்கும் பூசினான், கேட்டது. காதில்தான் முதலில் தப்புப் பண்ணினான். அழுக்குப் போகட்டும் என்று தண்ணீரை ஊற்றிக் கழுவப்போய் அதன் காது இன்னும் சீழ் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் புத்தி வந்தது. காதுக்குள் தண்ணீர் போகவே கூடாது. உப்பு வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைக்கவேண்டும். வேப்பிலை காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு இரண்டு சொட்டு, அவ்வளவுதான். தொங்குகிற காது மடலைத் தூக்கித் தலைமேல் துணியால் கட்டிவிட்டால் காற்றுப் பட்டுத் தானாக உலரும்.

பட்டறை முதலாளி வீட்டு நாய், முதலாளியின் மைத்துனன் வீட்டு நாய் என்று பேர் பரவியது. கை நீட்டி எதுவும் வாங்கமாட்டான். வாங்கியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும் என்பாள் அவன் மனைவி முத்துலட்சுமி. அவள் சொன்னது சரிதான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் மயிலாப்பூரிலிருந்து ஆள் வந்தது. சந்திரமௌலி என்று ஒரு காலேஜ் புரொபஸர், கணக்குப் பாடம். குழந்தை கிடையாது. அவருக்கும் அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்கும் ரோஸி என்ற செம்பட்டை நாய்தான் எல்லாம். தனபாலன் போய்ப் பார்த்தபோது இரண்டு காதிலும் சீழ், முதுகில் முடி கொட்டித் திட்டுத்திட்டாகச் சொறி. எல்லாவற்றையும்விட மோசம் கழுத்து. பட்டைக்கு அடியில் ஈரம் தங்கி, தோல் வெந்து, தொட்டால் அந்த ஜீவன் அலறியது.

"பெல்ட்டைக் கயட்டிடணும் சார். புண்ணு மேல அது உராஞ்சிக்கினே இருந்தா எந்த மருந்தும் கேக்காது. பதினஞ்சு நாளு பெல்ட்டே வாணாம்."

"லைசென்ஸ் வில்லை அதுலதானே இருக்கு?"

"அதான் சொல்றேன். தெருவுல வுடாதீங்க. ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும். வில்லை இல்லாத நாயைப் பார்த்தா கார்ப்பரேஷன் வண்டிக்காரன் புடிச்சிக்கினு பூடுவான்."

சந்திரமௌலி தலையாட்டினார். பித்தளை வில்லையோடு பட்டையைக் கழற்றிக் கொல்லைச் சுவரில் ஆணியில் மாட்டினான் தனபாலன். பட்டறை விட்டதும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். வேப்பெண்ணெயில் மஞ்சளும் கொஞ்சம் கந்தகமும் குழைத்துப் பூசினான். ரோஸி முதலில் பல்லைக் காட்டியது. நாலாம் தடவை தானாகவே வந்து கழுத்தை நீட்டியது. "உங்க கையில என்னமோ இருக்குய்யா," என்று சந்திரமௌலி கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். அதை மறைத்துச் சொன்னால் பாவம் வந்து சேரும்.

நவராத்திரி வந்தது. விஜயலக்ஷ்மி வைக்கிற கொலு அந்தத் தெருவில் பிரசித்தம். சாயங்காலமானால் பட்டுப்புடவையும் பாட்டுமாக வீடு நிரம்பிவிடும். வேப்பெண்ணெயும் கந்தகமும் சேர்ந்த நாற்றம் எப்படியிருக்கும் என்று முகர்ந்தவர்களுக்குத் தெரியும், சுண்டல் தொண்டையில் இறங்காது. வந்த ஒருத்தி மூக்கைச் சுளித்து, "என்னடி விஜி, ஏதோ நாத்தம் அடிக்கறதே?" என்று கேட்டுவிட்டாள். போதாதா? ரோஸியைப் பிடித்துத் தெருக்கதவுக்கு வெளியே தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டாள் விஜயலக்ஷ்மி. நாலு பேர் மெச்ச வேண்டுமே! மறுநாள் மத்தியானமே தள்ளிவிட்டாள். சாயங்காலம் வருகிறவர்களுக்கு முன்னால் கூடம் மணக்கவேண்டுமாம்.

அதற்கு அடுத்த நாள் சரஸ்வதி பூஜை. காலையில் பட்டறையில் லேத்துக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, வீட்டில் சைக்கிளைக் கழுவி மாலை போட்டு நிறுத்திவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு பஸ் ஏறி மயிலாப்பூர் வந்தான் தனபாலன். கொல்லையில் ரோஸி இல்லை.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து காணலை. எங்கேயாவது சுத்திண்டு வந்துடும்," என்றாள் விஜயலக்ஷ்மி.

தனபாலன் உடனே தெருவில் இறங்கினான். தெருமுனைப் பூக்காரியைக் கேட்டான். "அந்தக் காதுல துணி கட்ன நாயா? நேத்து வண்டில வந்து சுருக்கு போட்டு இட்டுனு பூட்டான்பா. மேல்லாம் மஞ்சாவா, கழுத்துல ஒண்ணும் இல்லாம இருந்துச்சு, சொறிநாய்னு நெனச்சிட்டானுங்க," என்றாள்.

ஆணியிலிருந்து பட்டையை உருவிக்கொண்டு தேனாம்பேட்டைக்கு ஓடினான். மாலை போட்ட சைக்கிளை எடுத்தபோது முத்துலட்சுமி குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னாயா இது? பூஜைல வெச்ச வண்டியை எடுக்கறே? நாளைக்குத்தான்யா எடுக்கணும். கை காலு போயிடப்போவுது!"

"ஒரு உசுரு போவுதும்மே. சாமி கோச்சிக்கினா என்னை கோச்சிக்கட்டும், நகரு."

சக்கரத்தடி எலுமிச்சம்பழம் நசுங்க, மாலையோடேயே மிதித்தான். வடக்கே ரயில் பாலமெல்லாம் தாண்டி பிடித்த நாய்களை அடைக்கிற நாய்ப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். காவலுக்கு இருந்தவர் ஹனீஃபா என்று ஒரு வயசான மனுஷர். லீவு நாளிலும் நாய்களுக்குத் தண்ணீர் வைக்க வந்திருந்தார். கம்பிக்குப் பின்னால் முப்பது நாற்பது நாய்கள். அதில் ஒன்று இவன் குரல் கேட்டதும் கம்பியில் ஏறி ஊளையிட்டது. தலையில் இவன் கட்டிய துணி அப்படியே இருந்தது. கம்பி இடுக்கில் கையை விட்டு அவிழ்த்துப் பார்த்தான். காது காய்ந்து சுத்தமாக இருந்தது. கழுத்தில் புண் இருந்த இடத்தில் புதுத்தோல் மூடி, பூனைமுடி மாதிரி முளைவிட்டிருந்தது. இந்த இடத்துக்கு வந்தா இது குணமாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பட்டையைக் காவல்காரரிடம் நீட்டினான்.

ஹனீஃபா வில்லையின் நம்பரை நோட்டில் பார்த்தார். "நம்பரு சரிதான் நைனா. ஆனா சந்திரமௌலினு இல்ல போட்டுக்கீது? அவரு வந்து கையெழுத்துப் போடணும். வர முடியலைன்னா ஒரு லெட்டர் எழுதிக் குட்தாக்கூட போதும், நானே இட்டாந்து வுட்டுடுவேன். ஆனா இன்னிக்கே வா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நாயிங்களைக் கொல்ற ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

திரும்ப மயிலாப்பூர் வந்தபோது மணி மூன்று. சந்திரமௌலி சட்டையில்லாமல் விபூதியோடு கொல்லைக்கு வந்தார். உயிரோடு இருக்கிறது என்றதும் "ஈஸ்வரா!" என்று இரண்டு கையையும் கூப்பினார். கையெழுத்து என்றதும் கை கீழே இறங்கியது.

"இன்னிக்கா? இன்னிக்கு எப்படிப்பா எழுதறது? புஸ்தகம் பேனா எல்லாத்தையும் அடுக்கிப் பட்டுத்துணி போட்டுப் பூஜை பண்ணியாச்சே. நாளைக்குப் புனர்பூஜை பண்ணினப்பறம்தான் தொடலாம்."

"ஒரே ஒரு கையெழுத்து சார். தெருவுல யார்கிட்டயாவது பேனா வாங்கியாறேன்."

"பேனா யாருதுங்கறதா பேச்சு? எழுதப்படாதுங்கறதுதான். எங்கப்பா காலத்துல ஒரு சரஸ்வதி பூஜையன்னிக்குத் தந்தி வந்தது. மறுநாள் காத்தாலதான் பிரிச்சுப் படிச்சார். அப்படி இருந்த குடும்பம்."

தந்தியில் என்ன இருந்தது என்று தனபாலன் கேட்கவில்லை. அவனுக்கு வேறொன்று தோன்றியது. "சரி சார், எழுத வாணாம். என்கூட வாங்க. கைநாட்டு வெச்சிடுங்க. கட்டைவிரலை அமுக்கறது எழுதறதுல சேராதே?"

சந்திரமௌலியின் முகம் சுண்டிவிட்டது. "கைநாட்டா? நானா?" என்றார். உள்ளேயிருந்து விஜயலக்ஷ்மி, "எம்.ஏ. படிச்சவரைப் பார்த்துப் பேசற பேச்சா இது? நாளைக்கு விடிகார்த்தால பூஜையை முடிச்சுட்டுத் தருவார், போ," என்றாள். அடேயப்பா! சரஸ்வதியின் பேரைச் சொல்லி ஆரம்பித்தது, கடைசியில் எம்.ஏ.வில் வந்து நின்றது. இதைத்தான் பக்தி என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் சந்தில் போய் நின்றான் தனபாலன். உள்ளே மணியடித்தது. ஐந்தரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். அதோடு முடிந்ததா? விஜயதசமியாயிற்றே! புரொபஸர் கையால் எழுத்து ஆரம்பித்தால் விசேஷம் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அதன் விரலைப் பிடித்து எழுதினார். குழந்தை அழுதது, சமாதானம் பண்ணி மறுபடி எழுதவைத்தார்கள். "சார், மணியாவுது சார்," என்று சந்திலிருந்து இரண்டு தடவை குரல் கொடுத்தான். "வரேன்பா, வரேன். இதோ ஆச்சு," என்று பதில் வந்தது. கடைசியில் புதுத் தாளை எடுத்து, அழகான இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினார். பூஜைக்கப்புறம் முதல் எழுத்து என்பதால் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தந்தார். அப்போது மணி ஆறே முக்கால்.

அன்று தனபாலன் மிதித்த மிதியைச் சொல்லி என்ன பிரயோஜனம்? மயிலாப்பூர் எங்கே, நாய்ப்பட்டி எங்கே! அவன் போனபோது கம்பிக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒருத்தன் தண்ணீரை வீசியடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். ஹனீஃபா படியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. தனபாலன் நீட்டிய தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, நாலு பக்கமும் மஞ்சா தடவிக்கீது? கல்யாணப் பத்திரிகையா?"

தனபாலன் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உனக்கோசரம் அதைக் கடைசில தள்ளி வெச்சேன். நீ வருவேன்னு வாசலையே பார்த்துக்கினு இருந்தேன்," என்றார் ஹனீஃபா. "ஏழே காலுக்கு அதுவும் பூட்ச்சு."

தனபாலன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "சொறியெல்லாம் ஆறிப்போச்சு பாய். முடி முளைச்சிருந்துச்சு பாய்," என்று சொன்னதையே சொன்னான்.

பட்டையோடு மயிலாப்பூருக்குத் திரும்பினான். சந்துப் பக்கம் போகவில்லை. நேரே தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு வாசலில் போய் நின்றான். விஷயத்தைக் கேட்டதும் சந்திரமௌலி நாற்காலியில் பொத்தென்று விழுந்து முகத்தை மூடிக்கொண்டார். விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீ பாட்டுக்கு வந்து பட்டையைக் கழட்டிட்டே. அது கழுத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"ஆமாம்மா. பட்டையை நான்தான் கயட்டினேன்," என்றான் தனபாலன். "அது என் தப்புன்னா ஊரெல்லாம் சொல்லுங்க. நேத்து பூஜைல வெச்ச சைக்கிளை நானும் எடுத்தேன். இதோ நிக்கறேன், எந்தச் சாமியும் என் காலை ஒடிக்கலை."

"உனக்கென்னப்பா, நீ எடுப்பே," என்றாள் விஜயலக்ஷ்மி. "எங்காத்துல அந்த மாதிரி வழக்கமில்லை."

தனபாலன் அவளோடு பேசவில்லை. சந்திரமௌலியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"சார், நேத்து மூணு மணிக்கு நான் வந்தப்போ அது உசுரோட இருந்துச்சு. உங்க கட்டைவிரல்ல கொஞ்சம் மை ஒட்டியிருந்தா இப்போ இந்தக் கூடத்துல படுத்துனு இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டா இதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் முகத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை. பட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு வாசல் வழியாகவே இறங்கிப் போனான்.

அவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள், பாதியை மட்டும். லேத்காரன் ஒருத்தன் பட்டையைக் கழற்றிவிட்டதால் ரோஸி போய்விட்டது என்று கோபாலபுரம் வரைக்கும் பேச்சுப் போயிற்று. அப்புறம் எந்தப் பங்களாவிலிருந்தும் அவனைக் கூப்பிடவில்லை. தையில் ஒரே ஒரு வீட்டிலிருந்து டிரைவரை அனுப்பினார்கள். அல்சேஷனுக்குக் காதில் சீழாம். தனபாலன் போகவில்லை. சொறிநாய்க்கு எண்ணெய் தடவுகிறவனுக்கு இவ்வளவு திமிரா என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டாளாம்.